பாரோஸ் தீவிலும் ஆடி

உ
சிவமயம்

பாரோஸ் தீவு, கிரீஸ் தேசம்
ராட்சச வருஷம், ஆடி 25, ஞாயிற்றுக்கிழமை

தென்காசியில் வாசம் செய்யும் பெரியவர், என்னைப் பெறாத தகப்பனார், மாமா கல்யாணசுந்தரம் பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு, மாப்பிள்ளை உமாபதி வணங்கி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான் சுகம். ஆனால் ‘இவ்விடம்’ என்பது எவ்விடம் என்று மேலே பார்த்த மாத்திரத்தில் தாங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பீர்கள். கண்ணாடியில் கோளாறு இல்லை மாமா. துபாயில் இருக்க வேண்டிய நான் கிரேக்க தேசத்துத் தீவு ஒன்றில், கடலைப் பார்த்த மொட்டைமாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? குற்றாலத்தில் சாரல் விழுகிறதா? சினைப்பசு கன்று போட்டதா? வீட்டில் மற்ற எல்லோரும் சௌக்கியமா? ‘மற்ற எல்லோரும்’ என்பதில் யார் அடக்கம் என்று தாங்கள் அறிவீர்கள். தாங்கள் வழக்கம்போல் கூடத்தில் உட்கார்ந்து வீடு முழுக்கக் கேட்கும்படி என் கடிதத்தை வாசிப்பீர்கள் என்பதும், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி வளையலைக் கையால் பிடித்துக்கொண்டு நின்று கேட்பாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே சில இடங்களில் ‘சத்தமாக’ என்று குறித்திருக்கிறேன். அங்கெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கக் கோருகிறேன்.

நடந்தது இதுதான். தையில் கல்யாணம் முடிந்தது. மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று அலைந்தது போக ஜெயலட்சுமியும் நானும் ஆற அமர உட்கார்ந்து பேசியது மிகவும் சொற்பம். மாசியில் விமானம் ஏறிவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. அப்படியிருக்க, எங்கள் சைட்டுக்குக் கம்பி ஏற்றி வந்த கப்பல் ஏதோ துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு, திடீரென்று மூன்று வாரம் வேலை இல்லை, ஊருக்குப் போகிறவர்கள் போகலாம், டிக்கெட் கம்பெனி தரும் என்று சொல்லிவிட்டார்கள். கேம்ப் முழுக்க ஒரே கொண்டாட்டம். நானும் துள்ளிக் குதித்துத் தங்களுக்குத் தந்தி அடித்தேன். பதில் வந்தது: ‘ஆடி. வரவேண்டாம். ஆசீர்வாதம்.’ தலை ஆடியில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றாக இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது ஆகாது என்கிற சாஸ்திரம் எனக்கும் தெரியும். ஆனால் மாமா, அதை எழுதிய புண்ணியவான் ஒரே வீட்டில் இருக்கிறவர்களைப் பிரித்து வைக்கத்தானே எழுதினார்? மாசியிலிருந்து நடுவில் ஒரு சமுத்திரத்தைப் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறவர்களை ஆடி வந்து இன்னும் எங்கே பிரிக்கும்? ஆடிக்கு அழைக்காத மாமியாரைப் பற்றி நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அத்தையின் மேலுள்ள மரியாதையால் அதன் பின்பாதியை இங்கே எழுதவில்லை.

தந்தியும் கையுமாக அல் கூஸ் கேம்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் ரூமில் இருக்கும் கலீலுர் ரஹ்மான், காயல்பட்டினத்துக்காரர், பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டார்.

“என்ன உமாபதி, ஊருக்குப் போவலையா?”

“ஆடி மாசம் பாய். வரக்கூடாதுன்னு மாமனார் தந்தி.”

எதற்கு என்று கேட்டார். விளக்கினேன். கயிற்றை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“எங்களுக்கும் ஒரு மாசம் நோன்பு உண்டு. ஆனா அது பகல்ல மட்டுந்தான் பாத்துக்கிடுங்க.”

அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி நிக்கோஸ் கேம்பைச் சுற்றிப் பார்க்க வந்தார். கிரேக்கர். தங்கமான மனுஷன், தொண்டை மட்டும் இடி. எல்லோரும் கிளம்பும்போது படம் வரைகிற டிராப்ட்ஸ்மேன் நான் மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டார். ஆடியை இங்கிலீஷில் சொன்னேன். மாதம், மாமனார், வரவேண்டாம் என்கிற மூன்றும் அவருக்குப் புரிந்தது. நடுவில் இருந்த சாஸ்திரம் புரியவில்லை. “கலாஸ், முடிஞ்சுது! யல்லா, கிளம்பு உமா, நீ என் தீவுக்கு வா. எங்க அக்கா வீட்டுக்கு மாடி எடுக்கணும், அளந்து படம் போட்டுக் கொடு. கடல் இருக்கு, காத்து இருக்கு, பழைய கோயில் இருக்கு” என்று தோளில் ஒரு தட்டு தட்டினார். தோள் இரண்டு நாள் வலித்தது. காலியான கேம்பில் தனியாகக் கிடந்தால் அந்தத் தந்தியையே திருப்பித் திருப்பிப் படித்துப் பைத்தியம் பிடித்திருக்கும், அதனால் வந்தேன். இன்னொரு காரணமும் உண்டு, மறைக்கவில்லை. என் லீவு ஆடியோடு சேர்ந்து முடிகிறது. முதலாளியின் பக்கத்திலேயே இருந்து, அவர் மனசு குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்து, ஆவணியில் ஒரே ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டு வாங்கி, இப்படியே தென்காசிக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

ஏதென்ஸில் இறங்கி, கப்பல் ஏறி, பகல் முழுக்கக் குலுங்கி வந்து சேர்ந்தோம். தீவைப் பற்றி எழுதுவதென்றால், எல்லா வீட்டுக்கும் தீபாவளிக்கு அடித்தமாதிரி பளீரென்று சுண்ணாம்பு, கதவுக்கு நீலம், அதைவிட நீலமாகக் கடல். துபாயிலும் கடல் இருக்கிறது, ஆனால் அது வேலைக்கு வந்த கடல். இது ஊரில் இருக்கிற கடல். ஆனால் நான் கரையில் கால் வைப்பதற்குள் முதலாளி என்னைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிட்டார் மாமா. ‘பாவம், கல்யாணமாகி ஆறு மாசம், மாமனார் வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார்’ என்று. அவ்வளவுதான். தெருவில் நடந்தால் பெண்கள் அத்திப்பழத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விடுகிறார். பாதிரியார் வந்து, நீ குடிப்பாயா, சூதாடுவாயா, பெண்டாட்டியை அடிப்பாயா என்று முதலாளியை நடுவில் வைத்து விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் குற்றம் மாமனார் பேரில்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தாங்கள் அறுபது வருஷமாகத் தென்காசியில் சம்பாதித்த நல்ல பெயர், தாங்கள் கண்ணாலும் காணாத இந்தத் தீவில் ஒரே நாளில் போயிற்று. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். என் மாமனார் தேவாரம் படிக்கிறவர், எறும்புக்கும் துரோகம் நினைக்காதவர் என்றேன். ‘பார், இப்பவும் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறான்’ என்று இன்னும் இரண்டு அத்திப்பழம் கொடுத்தார்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்கிறோம். அந்தக் காற்றுக்குப் பாரோஸிலும் கிளை ஆபீஸ் இருக்கிறது. வடக்கேயிருந்து இந்த மாதத்தில் மட்டும் வருகிற காற்றாம். ராத்திரி பகல் கிடையாது, ஊளையிடுகிறது. இங்கே அம்மி இல்லாததால் என் வேட்டி பறந்தது. மாடியில் காயப்போட்டிருந்தேன், கல்யாணத்துக்குத் தாங்கள் எடுத்துக்கொடுத்த எட்டு முழ ஜரிகை வேட்டி. அது கிளம்பி, இரண்டு தெரு தாண்டி, மாதா கோயில் மணிக்கூண்டில் போய்ச் சுற்றிக்கொண்டது. பாதிரியார் மணி அடிக்கக் கயிற்றை இழுத்தால் சத்தம் வரவில்லை. ஊர் கூடி அண்ணாந்து பார்த்தது. நான் ஏணி ஏறி இறக்கிக்கொண்டு வந்தேன். ஜரிகையைத் தொட்டுப் பார்த்த பாதிரியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல துணி எடுத்துக் கொடுத்த மாமனார் எப்படிக் கெட்டவராக இருப்பார்? தங்கள் மானம் திரும்பி வரத் தொடங்கியது அந்த வேட்டியால்தான்.

மிச்ச மானம் முதலாளியால் வந்தது. ஆகஸ்டு ஒன்றாம் தேதி முதல் இவர்களுக்கு மாதாவின் விரதம். பதினைந்தாம் தேதி திருவிழா வரைக்கும் கறி கிடையாது, பால் கிடையாது, முட்டை கிடையாது. கடற்கரை தேசத்தில் பட்டினி கிடப்போமே என்று பயந்து வந்த எனக்கு வெண்டைக்காய், கத்தரிக்காய், மொச்சை என்று நம் வீட்டுச் சாப்பாடு. (ரத்தமில்லாத ஜந்து விரதத்துக்கு ஆகும் என்று கணவாய் மாதிரி எட்டுக் கால் பிராணி ஒன்றைத் தின்கிறார்கள். அதைக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். நான் துவைத்த துணி என்று நினைத்துக் காற்றில் பறந்துவிடுமே என்று எடுத்து மடிக்கப் போனேன். அதை விவரிக்க வேண்டாம்.) ஒன்றாம் தேதி சாயங்காலம் பார்க்கிறேன், முதலாளி கையில் தலையணையோடு மொட்டைமாடிக்கு வந்து என் பக்கத்தில் பாயை விரிக்கிறார். முகம் செத்துப்போயிருந்தது.

“என்ன சார், மேலே வந்துட்டீங்க?”

“விரதம், உமா. பதினைஞ்சு நாள் மாஃபி. எங்க வீட்டம்மா ரொம்ப பக்தி.”

மாஃபி என்றால் அரபியில் கிடையாது என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தார். அப்புறம் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, “ஏ! உங்க மாமனார் சொன்னதும் இதானா!” என்று கத்தினார். தெருவுக்கே கேட்டிருக்கும். மறுநாள் காலையில் தாங்கள் இந்தத் தீவில் பெரிய மகான். இந்தியாவில் ஒரு பெரியவர் மாதாவுக்காக ஒரு மாதம் முழுக்க விரதம் காக்கச் செய்கிறாராம் என்று பேச்சு. அத்திப்பழம் நின்றுவிட்டது. அது ஒன்றுதான் வருத்தம்.

இந்தப் பாராவை மனதுக்குள் படிக்கவும். வியாழக்கிழமை ஆடி அமாவாசை. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும், கடல் முன்னாலேயே இருக்கிறது, சரி என்று புறப்பட்டேன். எள்ளுக்கு எங்கே போவது? இங்கே வளையம் வளையமாக ஒரு ரொட்டி விற்கிறார்கள், மேலெல்லாம் எள். ஆறு ரொட்டி வாங்கி நகத்தால் சுரண்டி ஒரு பொட்டலம் சேர்த்தேன். வெள்ளை எள்தான், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். பிண்டத்துக்கு, திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி அவிப்பார்கள், அதில் இரண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத கரை எது என்று கேட்டேன். ஒருவரும் போகாத கரை என்று ஒன்றைக் காட்டினார்கள். ஊர்க்காரர்கள் ஒருவரும் போவதில்லை என்பது உண்மைதான். காரணம், வடக்கேயிருந்து வந்த வெள்ளைக்காரர்கள் ஆணும் பெண்ணுமாகப் பிறந்த மேனிக்கு அங்கே படுத்துக் கிடக்கிறார்கள். அம்மணமான ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன் என்பார்கள். நான் எட்டு முழம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. தெற்கே பார்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று இறைக்க ஆரம்பித்தேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் என் பக்கத்தில் வரிசையாக ஆறு பேர், கண்ணை மூடி, கையைக் குவித்து, நான் செய்த மாதிரியே தண்ணீர் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ யோகம் என்று நினைத்துவிட்டார்கள். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவர் பேச்சை இரண்டு பேர் சேர்ந்து கேட்டதில்லை. அன்றைக்கு ஏழு பேர் தர்ப்பணம். காக்கை இல்லாத தேசம், பிண்டத்தை ஒரு கடல் புறா வந்து கொத்திக்கொண்டு போயிற்று. போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. ஜெயலட்சுமிக்கு என் அப்பாவைத் தெரியாது. அவளோடு இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும், அப்புறம் கொஞ்சம் அழ வேண்டும் என்று இருந்தது. யாரிடம் சொல்வது? அந்த ஆறு பேரிடமா?

இங்கே மலைச்சரிவில் ஒரு சோலை இருக்கிறது. கோடை முழுக்க அங்கே மரத்துக்கு மரம் பட்டாம்பூச்சி. ஆயிரக்கணக்கில், இறக்கையை மூடிக்கொண்டு, பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கிறது. கை தட்டக்கூடாது, பேசக்கூடாது, பறந்தால் அதன் உயிர்ச்சத்து குறைந்துவிடுமாம். ஏன் இப்படிச் சும்மா கிடக்கிறது என்று கேட்டேன். ஆகஸ்டு கடைசி வரைக்கும் இப்படித்தான், சாப்பாடுகூடக் கிடையாது, அப்புறம்தான் சோடி சேரும் என்றார் முதலாளி. அதற்கும் தங்களைப் போல ஒரு மாமனார் இருப்பார் போலிருக்கிறது. ஆடி இல்லாத இடமாகப் பார்த்து ஓடிவந்தேன் மாமா. பூச்சிக்குக்கூட ஆடி வைத்திருக்கிறது இந்தத் தீவு.

இனி சத்தமாக. ஊர் நடுவே ஒரு மேட்டில் இவர்களுடைய பழைய அம்மன் கோயில் இருந்ததாம். பிற்பாடு வந்தவர்கள் அதைப் பிரித்து, அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை கட்டிவிட்டார்கள். உருண்டைத் தூண்களைப் படுக்கவைத்து அடுக்கியதில் சுவர் முழுக்க வட்டம் வட்டமாகத் தெரிகிறது. தொழில்முறையில் பார்த்தால் நல்ல வேலை. ஆனாலும் கோயில் கல்லாயிற்றே என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி வந்தேன், கால் பொரிந்துவிட்டது. அங்கிருந்து நொண்டிக்கொண்டே பக்கத்து மியூசியத்துக்குள் நிழலுக்கு ஒதுங்கினேன். எல்லாம் தலையில்லாத சிலை, கையில்லாத சிலை. ஒரு மூலையில் சமாதிக் கல் ஒன்று. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே ஒருவன் நிற்கிறான், இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பிடித்தபடியே இருக்கிறார்கள். செத்தது யார், இருப்பது யார் என்று காவல்காரரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஜெயலட்சுமியின் கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை மாமா. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, தலைமாட்டில் வைத்திருக்கிறேன். கைக்குப் போட்டோ இல்லை. மணவறையில் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன், அப்போது ஓமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்ததில் புகைதான் நினைவிருக்கிறது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. இதை வேறு எப்படி மரியாதையாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சாத்தும் நேரம் என்று காவல்காரர் சாவியை ஆட்டிக் காட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

நேற்றைக்கு முதலாளியின் அக்கா எலேனி அம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மாடிப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன், முதலாளியும் இருந்தார். படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு அந்த அம்மாள் ஏதோ கேட்டார். முதலாளி எனக்குச் சொன்னார்.

“எங்களுக்குப் பதினைஞ்சாம் தேதி பண்டிகை. உங்க விரதம் முடிஞ்சா உனக்கு என்னிக்குப் பண்டிகைன்னு அக்கா கேக்குது.”

“பண்டிகை இல்லை சார். விரதம் முடியறதும் லீவு முடியறதும் ஒண்ணா வருது.”

அதை அவர் சொன்னதும் அந்த அம்மாள் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நானும் கேட்டேவிட்டேன். ஆவணியில் ஒரே ஒரு வாரம் சார். முதலாளி முகத்தை மேலே தூக்கி நாக்கால் ‘ச்’ கொட்டினார். இந்த ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம். “கம்பிக் கப்பல் கிளம்பிருச்சு உமா. கம்பி இறங்குற அன்னிக்கு டிராயிங் டேபிள்ல நீ இல்லாம முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் குரல்கூட அப்போது மெதுவாகத்தான் இருந்தது.

ஆகவே மாமா, திருவிழாக் கூட்டத்தில் அப்புறம் இடம் கிடைக்காது என்பதால் நாளைக் கப்பலிலேயே ஏதென்ஸ், அங்கிருந்து நேரே துபாய், டூட்டி. தங்கள் வாக்கை நான் மீறவில்லை. ஆடியில் தங்கள் வீட்டுத் திசைக்கே வராத உத்தம மாப்பிள்ளை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஜெயலட்சுமியிடம், நான் மனம் தேறிவிட்டேன், தைரியமாக இருக்கிறேன், அடுத்த லீவுக்குத்தான் வருவேன், அதுவரை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று சத்தமாகச் சொல்லவும். அத்தைக்கு என் நமஸ்காரம். பசுவுக்கும் கன்றுக்கும் என் அன்பு. பெரியவர்கள் காலைத் தொட்டும், சிறியவர்கள் தலையைத் தொட்டும், நடுவில் இருப்பவளை எங்கே தொடுவது என்று தெரியாமலும் முடிக்கும்,

தங்கள் சொல் தட்டாத மாப்பிள்ளை,
உமாபதி

பின்குறிப்பு (ஆடி 30, வெள்ளிக்கிழமை, தென்காசி): மேலே கண்ட கடைசிப் பாராவை அடித்துவிடவும். ஏதென்ஸ் விமான நிலையத்தில் துபாய் வரிசையில்தான் நின்றேன் மாமா, சத்தியம். முன்னால் நின்றவர் நகர்ந்தார், எனக்குக் கால் நகரவில்லை. கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பம்பாய்க்கு மாற்றிக் கொடுத்தாள். குறைந்த பணத்துக்குத் தாங்கள் கல்யாணத்துக்குப் போட்ட கைக்கடிகாரம் போயிற்று, ஆகையால் என்னிடம் மணி கேட்க வேண்டாம். பம்பாயிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். வேலை இருக்குமா போகுமா என்று தெரியாது. நாளை சாயங்காலம் திரும்பி வண்டி ஏற வேண்டும், ஏறினாலும் டூட்டிக்குத் தாமதம்தான். இப்போது தங்கள் வீட்டுக்கு எதிரே காபிக் கிளப்பில், மேல்காற்றில் பறக்கும் காகிதத்தை டம்ளரால் அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். தபாலில் போடாமல் கையோடு கொண்டுவந்த இந்தக் கடிதத்தைப் பால்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பயப்பட வேண்டாம், இன்னும் ஆடி முடியவில்லை என்பது எனக்குத் தெரியும், படியேற மாட்டேன், தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன். ஒன்றாக இருக்கக் கூடாது என்றுதான் சாஸ்திரம், பார்க்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. ஜெயலட்சுமியை ஒரு நிமிஷம் வாசலுக்கு வரச்சொல்லுங்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கட்டும், இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். நடுவில் ஆடி இருந்துவிட்டுப் போகட்டும்.